படம் எடுக்கிற பிள்ளைக்கு என்ன கொடுத்தோம்?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து படித்தாலும் பரவாயில்லை, முழுக்கப் படித்துவிடுங்கள். வியாசர்பாடியிலும் சுற்றுவட்டாரத்திலும் கால்பந்து, கேரம், கபடி, குத்துச்சண்டை என்று போட்டி நடத்துகிற என் பழைய மாணவர்கள் கட்டாயம் கடைசி வரை வரவேண்டும். உங்களுக்கென்று ஒரு கோரிக்கை இருக்கிறது.

விஷயம் இதுதான். என்னிடம் படித்த பையன் ஒருவனுக்கு இப்போது 24 வயது. மாதவரம் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவான். இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேர விளையாட்டுப் போட்டோகிராபர் ஆகப் போகிறேன் என்கிறான். அவன் அம்மா என் வீட்டுக்கு வந்து, "மாசம் பொறந்தா சம்பளம் வருது டீச்சர், அத்த வுட்டுட்டு போட்டோ புடிக்கப் போறேன்றான். நீங்க சொன்னா கேப்பான்" என்றார். நான் என்ன சொல்லவேண்டும் என்று அவர் நினைத்து வந்தார் என்பது உங்களுக்கே தெரியும்.

அவன் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. தேடவும் வேண்டாம். அதே ஆசையோடு நம் பகுதியில் இன்னும் சில பிள்ளைகள் சுற்றுகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது நல்ல தொழில். நம் ஊருக்கு வேண்டிய தொழில். ஆனால் இன்றைய நிலையில் நம் ஊர் மைதானங்களை மட்டும் நம்பி ஒரு குடும்பம் அதில் பிழைக்க முடியாது. அதற்குப் பிள்ளைகளின் திறமைக் குறைவு காரணமில்லை. நாம்தான் காரணம்.

ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், இது லேசான வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. டீச்சர் பதிவு என்றால் கணக்கு இல்லாமலா? ஒரு பையன் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை உதைக்கிறான் என்று வையுங்கள். நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். கேமராவின் ஷட்டர் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பந்து 46 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் குறுக்களவே 22 சென்டிமீட்டர்தான். அப்படியானால் படத்தில் பந்து இருக்காது, வெள்ளையாக ஒரு இழுப்பு மட்டும்தான் இருக்கும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று ஷட்டரை வைத்தால் பந்து 3 சென்டிமீட்டருக்குள் நிற்கும். தையல்கூடத் தெரியும்.

அப்படியே வைத்துவிட்டால் போயிற்று என்று நினைக்கிறீர்களா? ஷட்டர் அவ்வளவு சீக்கிரம் மூடினால் உள்ளே வெளிச்சம் போதாது. நம் பக்கம் பைனல் மேட்ச் எல்லாம் சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகுதானே ஆரம்பிக்கிறது? நாலு மூலையில் நாலு விளக்கு, மண் தூசி வேறு. அந்த வெளிச்சத்தில் ஓடுகிற காலை நிறுத்தி எடுக்க, கண்ணாடி பெரிதாக உள்ள லென்ஸ் வேண்டும். கண்ணாடி பெரிதானால் விலையும் பெரிது. இதைப் பின்னால் சொல்கிறேன்.

அதைவிடக் கஷ்டம் ஒன்று உண்டு. கோல் விழுந்ததைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் படம் கிடைக்காது. விழப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஆட்டம் தெரியவேண்டும். எந்தப் பையன் இடது காலால் அடிப்பான், யார் தலையால் முட்ட ஓடி வருவான், கோல் போட்டதும் எந்தப் பக்கம் ஓடுவான் என்று தெரிய வேண்டும். நம் தெருப் பிள்ளைகள் இந்த வேலைக்கு ஏற்றவர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். மைதானத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது பாடம் படித்து வருவதில்லை, கூடவே வருவது.

வெளியூர் உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்பார்கள். உலகக் கோப்பை வந்தால் தெருவுக்குத் தெரு பிரேசில், அர்ஜென்டினா கொடி தொங்கும். முல்லை நகர் மைதானத்தில் உமாபதி, தங்கராஜ் போன்றவர்கள் எத்தனையோ வருடமாக ஏழைப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் கற்றுக்கொடுத்து, படிப்பையும் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே பழகிய பிள்ளைகள் கல்லூரி வரை போயிருக்கிறார்கள். பேப்பரில் எங்கள் ஊர்ப் பெயர் நல்ல செய்திக்காக வந்தது என்றால் அது பெரும்பாலும் பந்தால்தான்.

இனி இந்தத் தொழிலின் சந்தோஷத்துக்கு வருகிறேன். 2018 உலகக் கோப்பை நினைவிருக்கிறதா? ஜூலை 11, மாஸ்கோவில் அரையிறுதி. கூடுதல் நேரத்தில் குரோஷியாவின் மாண்ட்சுகிச் கோல் அடித்ததும், மொத்த அணியும் மைதான ஓரத்துக்கு ஓடி வந்து ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். கீழே மாட்டிக்கொண்டவர் ஏ.எப்.பி. நிறுவனத்தின் போட்டோகிராபர் யூரி கோர்த்தெஸ். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அடியில் கிடந்தபடியே படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த முகங்களை அவ்வளவு பக்கத்தில் உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. கடைசியில் வீரர்களே அவரைத் தூக்கிவிட்டார்கள், ஒருவர் முத்தமும் கொடுத்தார். ஆடத் தெரியாவிட்டாலும், ஆடுகிறவனின் மூச்சு மேலே படுகிற தூரத்தில் நிற்கக் கொடுத்துவைப்பது இந்த வேலையில்தான்.

ஆனால் அதிர்ஷ்டத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. முகமது அலி, சன்னி லிஸ்டனைக் கீழே சாய்த்துவிட்டு, கையை மடக்கி நின்று கத்துகிற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்து உடற்பயிற்சிக் கூடங்களில்கூட ஒட்டியிருக்கும். 1965 மே 25 அன்று எடுத்தது. எடுத்தவர் நீல் லைஃபர், அப்போது 22 வயது. அந்தப் படத்தில் அலியின் கால்களுக்கு நடுவே, எதிர்ப்பக்கத்தில் ஒரு போட்டோகிராபர் தெரிவார். அவர் ஹெர்ப் ஷார்ஃப்மன். அதே பத்திரிகைக்காக வந்தவர், லைஃபரைவிட அனுபவசாலி. அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. இரண்டு பேரும் திறமைசாலிகள்தான், உட்கார்ந்த பக்கம் வேறு. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைக்கு இதைத் தாங்கும் மனசு வேண்டும். ஆயிரம் படம் எடுத்தும் அந்த ஒரு நொடி முதுகுப் பக்கம் நடந்துவிட்டால், வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டு மறுநாள் கிளம்பவேண்டும்.

அந்தக் காலத்தில் எண்ணித்தான் எடுக்கவேண்டும். 1960 டிசம்பர் 14, ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் பிரிஸ்பேனில் ஆடிய டெஸ்ட் சரிசமமாக முடிந்தது. டெஸ்ட் வரலாற்றிலேயே முதல் 'டை' அதுதான். கடைசி விக்கெட் ரன் அவுட். அதைப் படம் பிடித்த ரான் லவிட்டின் கையில் அப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிளேட் என்று சொல்வார்கள். கடைசி ஓவரில் என்னென்னவோ நடந்தும் பொறுத்திருந்து, அந்த ஒரு நொடிக்குச் செலவழித்தார். இன்றைய பிள்ளைகள் ஒரு மேட்சுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் படம்கூட எடுக்கிறார்கள். வசதிதான். ஆனால் ராத்திரி உட்கார்ந்து அதிலிருந்து இருபதைப் பொறுக்குவது யார்? மேட்ச் முடிந்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுத் தூங்கிய பிறகு ஒருவன் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அந்த வேலை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

படம் என்பது அழகுக்கு மட்டும் இல்லை, சாட்சியும்கூட. 1986 ஜூன் 22, மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் தட்டிவிட்ட கோல். ரெஃப்ரி பார்க்கவில்லை, கோல் கொடுத்துவிட்டார். கை பந்தில் படுவதை மெக்சிகோவைச் சேர்ந்த அலெகாந்த்ரோ ஒஹேதா கர்பஹால் எடுத்த படம் உலகத்துக்கே காட்டியது. தீர்ப்பு மாறவில்லை, ஆனால் உண்மை பதிவாகிவிட்டது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம்மிடம் என்ன பதிவாகியிருக்கிறது?

1980இல் முகமது அலி மெட்ராசுக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். வடசென்னைப் பெரியவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லி மாளமாட்டார்கள். அலியின் படங்கள் இருக்கின்றன. ஆனால் அதே காலத்தில் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் சுற்றுக்குச் சுற்று ரத்தம் சிந்தி ஆடிய நம் வீட்டுப் பெரியவர்களின் படங்கள் எங்கே? நான் போன வீடுகளில் எல்லாம் ஒரே மாதிரி ஒரு படம்தான் மாட்டியிருக்கும். ஸ்டுடியோவில், திரைச்சீலைக்கு முன்னால், கையுறை போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கிற படம். ரிங்குக்குள் ஆடுகிற படம் அபூர்வம். பிலிம் விலை, பிளாஷ் செலவு, எடுக்க ஆள் இல்லை. அதனால்தான் 2021இல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது நம் பிள்ளைகள், தாத்தா ஆடியது இப்படித்தான் இருந்திருக்கும் என்று சினிமாவில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சினிமா வந்தது சந்தோஷம். ஆனால் அந்தத் தாத்தாவின் சொந்த முகம் ஆடுகிறபோது எப்படி இருந்தது என்பது போனது போனதுதான்.

இன்றைக்கு நம் மைதானத்தைப் படம் எடுக்க வெளியிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். வரட்டும், நல்லது. கெட்டிக்காரர்கள், நல்ல கேமரா. ஆனால் வந்த படங்களைப் பாருங்கள். செருப்பில்லாத கால், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் பந்து, பின்னால் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. கீழே, 'வடசென்னையில் கால்பந்து விளையாடும் குடிசைப்பகுதிச் சிறுவன்' என்று எழுதியிருக்கும். அந்தச் சிறுவனுக்குப் பெயர் இல்லையா? அவன் எந்த டீமில் ஆடுகிறான்? பேக்கா, விங்கா? முதல் கோலைப் போட்டது யாருக்கு எதிராக? எடுத்தவருக்குத் தெரியாது. அவர் வறுமையைத் தேடி வந்தார், அது கிடைத்தது, போய்விட்டார். அந்தப் பையன் அன்றைக்கு ஹாட்ரிக் அடித்திருக்கலாம். அது படத்தில் வரவே வராது.

நம் பையன் எடுத்தால், "டேய், இது நம்ம கோல்கீப்பர் பாய்ஞ்சு புடிச்சதுடா" என்று பெயரோடு வரும். விளையாட்டுப் படத்தில் பாதி வேலை அந்தப் பெயர்தான். பத்திரிகைக்குப் படம் அனுப்பும்போது பெயர், அணி, நாள், இடம் எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். பெயர் தப்பாகப் போனால் அது யாரோ ஒருவனுடைய படம் ஆகிவிடும். பெயரோடு வந்த ஒரு படத்தை நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் போகும்போது சான்றிதழ் பைலோடு சேர்த்து எடுத்துப் போகிறார்கள். சான்றிதழ்தான் கணக்கில் வரும் என்றாலும், அந்தப் படத்தை மேசையில் வைக்கும்போது பையனின் முதுகு நிமிர்கிறதே, அதை நான் பார்த்திருக்கிறேன்.

கேரமை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினாள். ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்றும். பேப்பர் எல்லாம் படம் போட்டது. நான் பார்த்த படங்களில் பெரும்பாலும் பதக்கத்தோடு நிற்கிறாள், மாலையோடு நிற்கிறாள், பெரியவர்களோடு நிற்கிறாள். அவள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற விரலை, போர்டைப் பார்க்கிற அந்தக் கண்ணை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. போர்டு மேல் தொங்குகிற ஒரு விளக்கு, சுற்றிலும் இருட்டு, விரல் அசைவதோ கண் இமைக்கும் நேரம். கேரம் போட்டியைப் படம் எடுப்பது கால்பந்தைவிடக் கஷ்டம். அதை வருடக்கணக்காக உட்கார்ந்து எடுக்க ஒருவர் வேண்டாமா? தங்கம் வாங்கிய பிறகு எடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். பத்து வயதில் போர்டுக்கு எட்டாமல் ஸ்டூல் போட்டு ஆடுகிற பிள்ளையை எடுக்கத் தெருவில் இருக்கிறவனால்தான் முடியும்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். அந்த அம்மாவின் பயம் நியாயமான பயம்.

மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் நடப்பதை, மங்கிய வெளிச்சத்தில் எடுக்கிற பெரிய லென்ஸ் இருக்கிறதே, டிவியில் வெள்ளையாக நீளமாகத் தெரியுமே, புதிதாக வாங்கினால் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். எடையும் ஏறக்குறைய மூன்று கிலோ. கேமரா தனி. அந்தக் காசில் நம் பக்கத்தில் இரண்டு ஆட்டோ வாங்கலாம். கிரிக்கெட் போர்டு நடத்துகிற பெரிய போட்டிகளுக்குள் போக அனுமதி அட்டை வேண்டும், அது பெரிய பத்திரிகைக்கும் ஏஜென்சிக்கும்தான் பெரும்பாலும் கிடைக்கும். அவர்களுக்கே சில சமயம் கிடைக்காது. 2012இல் இங்கிலாந்து அணி இங்கே வந்தபோது, கெட்டி இமேஜஸ் போன்ற படநிறுவனங்களுக்கு இந்தியக் கிரிக்கெட் வாரியம் அனுமதி கொடுக்கவில்லை. அதைக் கண்டித்து ஏ.எப்.பி., ராய்ட்டர்ஸ், ஏ.பி. போன்ற செய்தி நிறுவனங்கள் அந்தத் தொடரின் செய்தியையும் படத்தையும் அனுப்பாமல் நிறுத்தின. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே வாசலில் அந்தக் கதி என்றால், தனியாக நிற்கிற பையன் எம்மாத்திரம்?

சதுரங்கத்தில் சுற்று தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் விடுவார்கள், பிறகு வெளியே அனுப்பிவிடுவார்கள். பிளாஷ் கூடாது. மழைக்காலத்தில் மேட்ச் இல்லை என்றால் வருமானமும் இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் கேமராப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு போகவேண்டும். தோள்வலி, முட்டிவலி முப்பது வயதிலேயே வந்துவிடும். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும், மேட்சும் அன்றைக்குத்தான். பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். ராத்திரி ஒன்பது மணிக்கு மைதானத்திலிருந்து லென்சோடு தனியாக எப்படித் திரும்புவாள், மைதானத்தில் ஒதுங்க ஒரு இடம் இருக்கிறதா என்று முதல் கேள்வியே அங்கேதான் நிற்கிறது. என் மாணவி ஒருத்தி நன்றாக எடுப்பாள். இரண்டு வருடம் செய்துவிட்டு நிறுத்திவிட்டாள், இந்தக் காரணத்துக்காகத்தான்.

இவ்வளவும் ஒருபுறம். நாம் செய்வது என்ன? ஒரு போட்டியின் செலவுக் கணக்கை ஒரு மாணவன் எனக்குக் காட்டினான். பந்தல், மைக் செட், கோப்பை, ஃப்ளெக்ஸ் பேனர், ரெஃப்ரிகளுக்குப் படி, சாப்பாடு, விருந்தினருக்குச் சால்வை என்று எல்லாம் ரூபாய் சுத்தமாக எழுதியிருந்தது. இரண்டு நாள் வெயிலில் நின்று படம் எடுத்தவனுக்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "அவன் நம்ம பையன் டீச்சர், ஆசைக்கு எடுக்கிறான்" என்கிறான். மைக் செட்காரரும் நம்ம ஆள்தானே? ரெஃப்ரிக்கு ஆசை இல்லையா? அடுத்த வருடப் பேனரில் அந்தப் பையன் எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே இருபது பேர் பெயர் போட்டார்கள். எடுத்தவன் பெயர் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு போட்டோவின் ஆசிரியர் என்பவர் அதை எடுத்தவர். யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாமல், யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் தானாக எடுத்த படம் என்றால் உரிமையும் அவனுடையதுதான். அவன் வாழ்நாள் முழுக்கவும், அதன் பிறகு 60 வருடம் வரையும் அந்த உரிமை இருக்கும். நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை உங்களுக்கு வரும். ஆனால் அப்போதும் 'இதை எடுத்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. ஆகவே காசும் கொடுக்காமல் பெயரும் போடாமல் பேனரில் ஒட்டுவது சட்டத்துக்கும் பொருந்தாது.

"எல்லார் கையிலும் போன் இருக்கிறதே டீச்சர், தனியாக ஒரு போட்டோகிராபர் எதற்கு?" என்று கேட்பீர்கள். போனில் உங்கள் பிள்ளையை நீங்கள் எடுப்பீர்கள். அவன் கோல் போட்டபோது எடுப்பீர்கள். தோற்ற அணியின் கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து அழுதுகொண்டிருப்பானே, அவனை யார் எடுப்பார்கள்? மாற்று ஆட்டக்காரனாக ஓரத்தில் உட்கார்ந்து கடைசி வரை இறங்காமலே போனவனை? தொண்ணூறு நிமிடமும் எல்லோரையும் பார்ப்பதற்கென்று ஒருவர் இருக்கவேண்டும். அதற்குத்தான் கூலி.

அந்தப் பையனுக்கு நான் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

வேலையை இப்போது விடாதே. கடன் வாங்கி லென்ஸ் வாங்காதே. பழைய சரக்கு நல்லதாக ஒன்று பார்த்து வாங்கு, பெரிய போட்டிக்கு வாடகைக்கு எடு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுக்கக் கூப்பிட்டால் போ, அதில் கேவலம் ஒன்றுமில்லை. பெரிய மைதானத்துக்கு விளையாட்டுப் படம் எடுக்கப் போகிறவர்கள் பலருக்கும் அந்த வருமானம்தான் கைகொடுக்கிறது. கால்பந்தோடு நிற்காதே. நம் ஊரில் கேரம், குத்துச்சண்டை, சிலம்பம், கபடி எல்லாம் இருக்கிறது, எடுக்க ஆள்தான் இல்லை. நகரத்தில் போட்டிகள் கூடிக்கொண்டுதான் வருகின்றன. 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட், 2023இல் எழும்பூரில் ஆசியச் சாம்பியன்ஸ் ஹாக்கி, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு என்று வரிசையாக வந்தன. இரண்டு வருடம் வைத்துக்கொள். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், நாள், இடம் எழுதி அடுக்கி வை. சின்னப் பிள்ளைகளின் படத்தை அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் வெளியே விடாதே. மாத வருமானம் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் அப்போது வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

அம்மாவிடமும் இதையே சொன்னேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. நியாயம்தான், வீட்டு வாடகை கொடுப்பவர் அவர். ஆனால் "போட்டோ புடிக்கிறது ஒரு வேலையா" என்று மட்டும் இனி கேட்கவேண்டாம் என்றேன்.

போட்டி நடத்துகிற பிள்ளைகளே, இப்போது உங்கள் கோரிக்கை. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

1. செலவுத் திட்டம் போடும்போதே போட்டோகிராபருக்கு என்று ஒரு தொகை எழுதுங்கள். குறைந்தது ஒரு ரெஃப்ரிக்குக் கொடுப்பதையாவது கொடுங்கள்.

2. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணியின் பெயர்ப் பட்டியலையும், சட்டை எண்ணோடு, அவர் கையில் கொடுங்கள்.

3. பேனரிலோ வாட்ஸப்பிலோ படத்தைப் போட்டால் எடுத்தவர் பெயரையும் போடுங்கள்.

4. பெண்பிள்ளை எடுக்க வந்தால், திரும்பிப் போக வண்டி ஏற்பாடு உங்கள் பொறுப்பு. வண்டிச் சத்தம் அவள் கூலியில் சேராது.

5. போட்டி முடிந்ததும் எல்லாப் படத்தையும் ஒரு பிரதி எடுத்து மன்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலையும், மெமரி கார்டு கெட்டுப்போகும்.

இதை ஒரு மன்றம் ஆரம்பித்தால் மற்றவர்களும் செய்வார்கள். சால்வையில் இரண்டைக் குறைத்தால் காசு வந்துவிடும், விருந்தினர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேலை. வீட்டில் அப்பா, தாத்தா, மாமா ஆடிய பழைய படம் ஏதாவது இருந்தால், இந்த வாரமே எடுத்துப் பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். யார் யார் நிற்கிறார்கள், எந்த வருடம், எந்த மைதானம். அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். எழுதியதும் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பிவையுங்கள், யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் எனக்குத் தெரிந்த வரை நானும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்